மன்னிப்புப் பாய்

சின்ன டீச்சருக்கு உடம்பு ஒன்றும் சின்னதில்லை. வகுப்பில் இருக்கும் குட்டி நாற்காலியில் உட்கார்ந்து எழுந்தால் நாற்காலியும் கூடவே எழுந்து வரும். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அவளும் சிரித்துக்கொண்டே அதைப் பிடுங்கிக் கீழே வைப்பாள். கூடப் பிறந்த அக்கா பெரிய டீச்சர் என்பதால் இவள் சின்ன டீச்சர், விஷயம் அவ்வளவுதான்.

கிறிஸ்தவ சபைக் கட்டடத்தை ஒட்டி இரண்டு வகுப்பறை, ஒரு சமையலறை, ஆள் திரும்ப இடமில்லாத ஓர் அலுவலகம். இதுதான் அக்கா தங்கை இருவரும் சேர்ந்து ஆரம்பித்த மழலையர் பள்ளி. முன்பக்கம் பூட்டிய கேட். பின்பக்கம் ஒரு கதவு உண்டு, திறந்தால் நேரே ரோடு. மூன்று வயதில், நான்கு வயதில் பிள்ளைகள் இங்கே என்னத்தைக் கற்றுக் கிழிக்கிறார்கள் என்று கேட்கிறவர்கள் ஒருநாள் வந்து பார்க்க வேண்டும். செருப்பை வலது இடது மாறாமல் போடுவது, மூக்கைச் சட்டையில் துடைக்காமல் இருப்பது, பைபிள் கதையில் வரும் பேழைக்குள் யானை எப்படி ஏறியது என்று நடித்துக் காட்டுவது, 'இயேசப்பா, இந்தப் பாலுக்கு நன்றி' என்று ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் பக்கத்துப் பிள்ளையின் பிஸ்கட்டை அளப்பது, எல்லாம் படிப்புதான்.

இதற்கெல்லாம் மேலே சின்ன டீச்சரே கண்டுபிடித்த ஒரு பாடம் இருந்தது. சபைக்குள் கம்பளம் மாற்றியபோது மிஞ்சிய சிவப்புத் துண்டு ஒன்றை வகுப்பின் மூலையில் விரித்து, அதற்கு மன்னிப்புப் பாய் என்று பெயர் வைத்திருந்தாள். யார் யாரைக் கடித்தாலும் கிள்ளினாலும் இருவரும் பாயில் எதிரெதிரே உட்கார வேண்டும். செய்தவர் சாரி சொல்ல வேண்டும். பட்டவர் 'மன்னிச்சிட்டேன்' சொல்ல வேண்டும். கையைப் பிடித்துக்கொண்டு ஒரு ஆமென். பாயை விட்டு எழுந்த பிறகு அதைப் பற்றி யாரும், எப்போதும், வாயைத் திறக்கக் கூடாது.

சில பிள்ளைகள் அழுத்தமாக வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அவர்களுக்கென்று சின்ன டீச்சர் ஒரு பாட்டுக் கட்டியிருந்தாள். 'மன்னி மன்னி மனசு லேசு, சொல்லு செல்லம் ஒத்தப் பேச்சு.' வகுப்பே சுற்றி நின்று கைதட்டிப் பாடும். எப்பேர்ப்பட்ட பிடிவாதமும் அதற்கு முன்னால் நிற்காது, 'மன்னிச்சிட்டேன்' வந்துவிடும். பாட்டு உடனே நின்று எல்லாருக்கும் பிஸ்கட் கிடைக்கும். வீட்டில் புருஷன் பெண்டாட்டி சண்டைக்குக்கூடப் பிள்ளை பாய் விரிக்கச் சொல்கிறது என்று பெற்றோர் வந்து சொல்லிச் சிரிப்பார்கள். போதகர் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்திலேயே இதைப் பற்றிச் சொன்னபோது, சின்ன டீச்சர் தலையைக் குனிந்துகொண்டாள், உள்ளுக்குள் பெருமை தாங்கவில்லை.

அக்காவை அவள் நம்பியதைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். அம்மா சீக்கிரமே போய்விட்டாள். தங்கைக்குத் தலை வாரிவிட்டது, முதல் வேலைக்குப் போனபோது கூடவே போய் வாசலில் காத்திருந்தது, எலக்ட்ரீஷியன் மாப்பிள்ளையை நாலு இடத்தில் விசாரித்துக் கட்டிவைத்தது, எல்லாம் அக்கா. தனக்கென்று ஒரு கல்யாணத்தை அவள் யோசிக்கவே இல்லை. துணிக்கடையில் ரசீது போட்டுக்கொண்டிருந்த தங்கையைப் பிள்ளைகளுக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தி, 'உனக்கு இதுதான்டி சரி' என்று சொன்னவளும் அவள்தான். பிள்ளை இல்லாத சின்ன டீச்சருக்கு அன்றைக்கு வயிறு குளிர்ந்தது. அதற்கப்புறம் அக்கா பகலை இரவு என்று சொல்லியிருந்தாலும் இவள் எழுந்துபோய் விளக்கைப் போட்டிருப்பாள்.

அந்த மத்தியானம் பிள்ளைகள் படுத்திருந்த நேரம். ஒரு பையன் குடித்த பாலையெல்லாம் கக்கிவிட்டான். சின்ன டீச்சர் அவனைத் தூக்கிக்கொண்டு, "அக்கா, கொஞ்சம் பாத்துக்க" என்று குரல் கொடுத்துவிட்டுக் கழுவ ஓடினாள். திரும்பி வந்து பார்த்தால் ஒரு படுக்கை காலி. வாலு என்று எல்லாரும் கூப்பிடுகிற பெண் குழந்தை. கழிப்பறையில் இல்லை, சமையலறையில் இல்லை, மேஜைக்கு அடியில் இல்லை. பின்கதவு திறந்து கிடந்தது.

 சின்ன டீச்சர் காலில் செருப்பில்லாமல் ரோட்டில் ஓடினாள். மூலை திரும்பும் இடத்தில் டயர் கடைக்காரர் எதிரே வந்தார், இடுப்பில் வாலு, கன்னத்தில் கிரீஸ்.

"டயர் மேல ஏறி உக்காந்து குதிரை ஓட்டிக்கிட்டு இருந்துச்சும்மா. லாரி வர்ற ரோடு இது. பாத்துக்கக் கூடாதா?"

குழந்தை முழுசாகக் கிடைத்துவிட்டது. ஆனால் பேச்சு அதோடு முடியுமா? நர்ஸ் வேலை பார்க்கும் வாலுவின் அம்மா யூனிஃபாரத்தோடு ஓடிவந்து சண்டைகூடப் போடவில்லை, பிள்ளையைக் கட்டிக்கொண்டு அழுதாள். சண்டை போட்டிருந்தால் தேவலை என்று சின்ன டீச்சருக்குத் தோன்றியது. அக்கா தங்கையை ஓரமாக இழுத்துக்கொண்டு போனாள்.

"நீ கூப்பிட்டது ஆபீஸ்ல எனக்குக் கேக்கவே இல்லடி. காலையில குப்பை கொட்டப் போனது நீதானே. தாழ்ப்பாள் போட்டியா?"

"போட்டேன்னுதான் நெனைக்கிறேன் அக்கா."

"நெனைக்கிறியா, போட்டியா?"

இப்படிக் கேட்டால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? போட்டோமா, போடவில்லையா? நினைக்க நினைக்கப் போடாத மாதிரியே இருந்தது. சபைக் கமிட்டிக்கு முன்னால் நின்று, "என் தப்புதாங்கய்யா" என்று அவளே சொல்லிவிட்டாள். அக்கா பக்கத்தில் நின்று தங்கையின் முதுகைத் தடவிக்கொடுத்தாள். பிள்ளைகளோடு அவளைத் தனியாக விட வேண்டாம், மாதக் கடைசியில் கமிட்டி கூடும்போது அவளுக்கு வகுப்பு உண்டா இல்லையா என்று முடிவு செய்வோம் என்றார் போதகர். வகுப்பு இல்லையென்றால் அவளுக்கு வேறு என்ன இருக்கிறது? அவள் வாழ்க்கையில் ஒழுங்காகச் செய்த ஒரே காரியம் அதுதான்.

மறுநாள் அவள் வாலுவை மடியில் வைத்துக்கொண்டு, "இனிமே தனியா வெளிய போகக் கூடாது, என்ன?" என்றாள்.

"நான் தனியாப் போகல. பெரிய டீச்சர் போனாங்க, நானும் போனேன்."

"பெரிய டீச்சர் எங்கயும் போகலயே செல்லம்."

"போனாங்க. கதவைத் திறந்து வெச்சுட்டுப் போனாங்க."

சின்ன டீச்சருக்குச் சுருக்கென்றது. தப்பிக்கப் பொய் சொல்கிறது, அதுவும் பெரியவர்கள் மேலே. இதை முளையிலேயே கிள்ள வேண்டும் என்று வாலுவைப் பாயில் உட்காரவைத்தாள். "பெரிய டீச்சர் மேல பொய் சொன்னதுக்கு சாரி சொல்லு" என்றாள். வாலு உதட்டைப் பிதுக்கினாள், சொல்லவில்லை. பாட்டு ஆரம்பித்தது. மூன்று சுற்று தாங்கினாள். நாலாவது சுற்றில், கண்ணில் தண்ணீர் முட்ட, சாரி என்றாள். பக்கத்திலேயே நின்றிருந்த பெரிய டீச்சர் குனிந்து அவள் கன்னத்தைத் தட்டி, "மன்னிச்சிட்டேன்டா கண்ணு" என்றாள்.

வீட்டில் எலக்ட்ரீஷியன் புருஷன் ஒருநாள் ஸ்குரூ டிரைவரைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"ஏம்மா, நம்ம வீட்டைப் பூட்டிட்டுத் தெரு வரைக்கும் போயி, திரும்பி வந்து பூட்டை மூணு தடவை இழுத்துப் பாக்கறவ நீ. நீயாவது, தாழ்ப்பாள் போடாம விடறதாவது."

"அப்ப எங்கக்கா பொய் சொல்றாளா?"

"நான் உங்கக்காவைப் பத்தி ஒரு வார்த்தை சொன்னேனா?"

"சொல்லவும் வேண்டாம்" என்று தட்டை நங்கென்று வைத்தாள். அவர் ஸ்குரூ டிரைவரோடு இடத்தைக் காலி செய்தார்.

மாதக் கடைசி நெருங்கிய ஒரு வெள்ளிக்கிழமை, அக்கா பக்கத்து அலுவலகத்தில் கணக்கு எழுதிக்கொண்டிருக்க, விளையாட்டு மூலையில் பிள்ளைகள் 'ஸ்கூல் விளையாட்டு' விளையாடிக்கொண்டிருந்தார்கள். இந்த விளையாட்டைப் பார்த்தால் டீச்சர்மாருக்கு வெட்கமே வந்துவிடும். தும்முவதிலிருந்து சேலையை இழுத்துவிடுவது வரை ஒன்றும் தப்பாது. ஒரு பையன் பெரிய டீச்சராகக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தான். திடீரென்று காதில் ஒரு மரக்கட்டையை வைத்து, "ஹலோ, ஒரு நிமிஷம், இங்க கேக்கல" என்றான். பிறகு இல்லாத கதவு ஒன்றைத் திறந்தான். ஒரு குட்டி நாற்காலியை இழுத்து அந்தக் கதவுக்கு முட்டுக்கொடுத்தான். வெளியே போனான்.

சின்ன டீச்சர் கையிலிருந்த கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள்.

"நாற்காலி எதுக்குடா?"

"காத்துல கதவு மூடிக்கும்ல. மூடிக்கிட்டா பெரிய டீச்சர் உள்ள வர முடியாது."

"பெரிய டீச்சர் நாற்காலி வெச்சாங்களா? என்னைக்கு?"

"போன் வந்தா வெப்பாங்க" என்று மூன்று பிள்ளைகள் ஒரே குரலில் சொன்னார்கள். இதுகூடத் தெரியாதா என்பது போல அவளைப் பார்த்தார்கள். "வாலு டயர் கடைக்குப் போனாளே, அன்னைக்கும் வெச்சாங்க. நாங்க தூங்கற மாதிரி நடிச்சோம்."

 படுத்திருந்த பிள்ளைகள் எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. தெரியாத ஒரே ஆள் அவள். உண்மையைச் சொன்ன ஒரே வாயையும் பாட்டுப் பாடி மூடியவள் அவள்.

முதலில் வாலுவைக் கூப்பிட்டுப் பாயில் உட்காரவைத்து, எதிரே தானும் சிரமப்பட்டுக் கீழே உட்கார்ந்தாள்.

"நீ நிஜம்தான் சொன்னே. நான் நம்பல. உன்னை அழவெச்சுட்டேன். சாரி செல்லம்."

வாலு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மற்ற பிள்ளைகள் வழக்கம்போலச் சுற்றிக் கூடிவிட்டார்கள். டீச்சரே சாரி சொல்வது அவர்களுக்குப் பெரிய வேடிக்கை. யாரோ கைதட்ட ஆரம்பிக்க, பாட்டும் கிளம்பிவிட்டது. வாலு, "மன்னிச்சிட்டேன்" என்றாள். சின்ன டீச்சர் அவள் கையைப் பிடித்து ஆமென் சொல்லிவிட்டு, கொஞ்சம் பாரம் இறங்கின மாதிரி எழுந்தாள்.

பிள்ளைகள் வீட்டுக்குப் போன பிறகு அக்காவின் அலுவலகத்துக்குப் போய்க் கதவைச் சாத்தினாள்.

"கதவைத் திறந்து வெச்சது நீதானே அக்கா?"

அக்கா பொய் சொல்லவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். மறுத்திருந்தால்கூட இவள் மனசு இவ்வளவு விட்டுப்போயிருக்காது.

"ஆமா. போன் வந்துச்சு. ரெண்டு நிமிஷம்தான். திரும்பி வந்து நாற்காலிய எடுத்தவ, தாழ்ப்பாள் போட மறந்துட்டேன்."

"பின்ன ஏன் என் தலையில கட்டினே?"

"ஹெட் மேலயே தப்புன்னா ஸ்கூலையே மூடிருவாங்கடி. உன்மேலன்னா திட்டிட்டு விட்டுருவாங்க. அதுவுமில்லாம உனக்கு வீடு இருக்கு, புருஷன் இருக்கார். எனக்கு இதை விட்டா யாரு?"

"எனக்குத் தெரியாமலேயே என்னை ஒத்துக்க வெச்சியே. நானே மறந்துட்டேன்னு நானே நம்பற மாதிரி பண்ணிட்டியே. கட்டில்ல படுத்தா அந்த லாரிதான் ஓடுது அக்கா. அந்தப் பிள்ளைய நான்தான் கொல்லப் பாத்தேன்னு நெனச்சுக்கிட்டுத் திரிஞ்சேன்."

"நீ என் தங்கச்சி. நீ தாங்கிக்குவேன்னு நெனச்சேன்."

தலை வாரிவிட்ட அதே கை மேஜைமேல் கிடந்தது. நம்பவைத்துக் கழுத்தை அறுப்பது என்று ஊரில் வாய்க்கு வாய் சொல்வார்களே, அந்த வார்த்தைக்கு அர்த்தம் சின்ன டீச்சருக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. அழுகை வந்தது, அதைவிட ஆத்திரம் வந்தது. அக்கா எழுந்துவந்து அவள் தோளைத் தொட்டாள்.

"சரி, தப்புதான். திங்கக்கிழமை பிள்ளைங்க முன்னாடி, உன் பாயிலேயே உக்காந்து சாரி கேக்கறேன். போதுமா?"

போதும் என்றுதான் இந்த அப்பாவி நினைத்தாள். பிள்ளைகளுக்கு முன்னால் ஒத்துக்கொள்கிறவள் கமிட்டிக்கு முன்னால் சொல்லாமலா இருப்பாள்? வகுப்பு தனக்குத் திரும்பக் கிடைத்துவிட்டதாகவே எண்ணி வீட்டுக்குப் போனாள்.

திங்கட்கிழமை இரண்டு டீச்சர்களும் பாயில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். பிள்ளைகளுக்குக் குஷி சொல்லி மாளாது. பெரிய டீச்சர் தங்கையின் கண்ணைப் பார்த்து, அழகாக, நிறுத்தி நிதானமாகச் சொன்னாள்.

"சின்ன டீச்சர் மனசை நான் கஷ்டப்படுத்திட்டேன். சாரி."

சின்ன டீச்சர் காத்திருந்தாள். கதவு, போன், நாற்காலி ஒன்றும் வரவில்லை. அக்கா சிரித்த முகத்தோடு கையை நீட்டிக்கொண்டிருந்தாள்.

"என்ன செஞ்சேன்னு சொல்லு" என்றாள் தங்கை மெதுவாக.

"அதான் சொல்லிட்டேனே" என்று அக்கா பிள்ளைகள் பக்கம் திரும்பினாள். "சின்ன டீச்சர் சொல்ல மாட்டேங்கறாங்க பாருங்க. என்ன பண்ணலாம்?"

என்ன பண்ண வேண்டும் என்று பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதைத்தான் வருஷம் முழுக்கப் படித்திருக்கிறார்கள். 'மன்னி மன்னி மனசு லேசு' என்று அறையே அதிர்ந்தது. அவள் மடியில் தூங்கியவர்கள், அவள் மூக்குத் துடைத்துவிட்டவர்கள், அவளுக்கு நல்லது செய்கிறோம் என்று தொண்டை கிழியப் பாடினார்கள். ஒருத்தி வந்து கழுத்தைக் கட்டிக்கொண்டு காதுக்குள் பாடினாள். எழுந்து ஓடவும் முடியவில்லை, இது பொய் என்று சொல்லவும் வாய் வரவில்லை. இத்தனை முகங்களும் எதிர்பார்த்து நிற்கையில் ஒரு மனுஷி என்னதான் செய்வாள்? எத்தனை சுற்று ஓடியதோ தெரியாது.

"மன்னிச்சிட்டேன்" என்றாள்.

அக்கா கையைப் பிடித்துக்கொண்டாள். ஆமென் என்று கூரை பிய்த்துக்கொண்டு போனது. பிஸ்கட் வந்தது.

அந்த வாரக் கடைசியில் கமிட்டி கூடியது. அக்கா எல்லாம் பேசினாள், கதவைப் பற்றி மட்டும் பேசவில்லை. சின்ன டீச்சர் எழுந்து நின்றாள்.

"கதவைத் திறந்தது நான் இல்லைங்கய்யா. அக்காதான். அவளே என்கிட்ட ஒத்துக்கிட்டா."

எல்லாரும் அக்காவைப் பார்த்தார்கள். அக்காவின் கண் கலங்கியிருந்தது. வரவழைத்ததா, தானாக வந்ததா, ஆண்டவருக்குத்தான் வெளிச்சம்.

"எங்களுக்குள்ள ஒரு மனஸ்தாபம் இருந்துச்சுங்கய்யா. திங்கக்கிழமை பாயில உக்காந்து பேசி முடிச்சிட்டோம். பிள்ளைங்களே சாட்சி. முடிஞ்சதை இப்பத் திரும்ப எடுக்கறா."

போதகர் சின்ன டீச்சரைப் பார்த்து வருத்தமாகத் தலையசைத்தார்.

"மன்னிச்சிட்டேன்னு நீங்க சொன்னீங்களாம்மா?"

"சொன்னேங்கய்யா, ஆனா..."

"பாயை விட்டு எழுந்த பிறகு பேசக் கூடாதுன்னு பிள்ளைங்களுக்குச் சொல்லிக்குடுத்தது நீங்கதானேம்மா. நானே பிரசங்கத்துல சொல்லியிருக்கேன்."

 அவள் தைத்த சட்டை, அவளுக்கே அளவாக இருந்தது. கமிட்டி ரொம்பப் பெரிய மனசோடு அவளை வெளியே அனுப்பாமல் சமையலறைக்கு அனுப்பியது. வகுப்புக்குப் புதிதாக ஒரு பெண் வந்தாள். வந்த அன்றே பாட்டைக் கற்றுக்கொண்டாள், குரலும் சின்ன டீச்சரைவிட நன்றாகவே இருந்தது.

"விட்டுத் தொலைச்சுட்டு வா, வேற வேலை பாத்துக்கலாம்" என்றார் எலக்ட்ரீஷியன். அவள் கேட்கவில்லை. பால் கொடுக்கிற நேரத்திலாவது பிள்ளைகள் முகத்தைப் பார்க்கலாமே என்ற நப்பாசைதான். அக்கா தினமும் சமையலறை வாசலில் நின்று, "சாப்டியா?" என்று கேட்பாள். இவள் பாத்திரத்தை இன்னும் கொஞ்சம் சத்தமாகக் கழுவுவாள். ஊருக்குச் சமாதானமான அக்கா தங்கை. 

ஒரு நாள் எல்லாரும் குடித்துவிட்டுப் போன பிறகு, வாலு காலி டம்ளரோடு சமையலறை ஜன்னலுக்கு வந்தாள். குதிகாலை உயர்த்தி டம்ளரை உள்ளே வைத்தாள். போகவில்லை.

"சின்ன டீச்சர், நீங்க ஏன் கிளாசுக்கு வர்றதில்ல?"

"பால் ஆத்தணும்ல."

"பெரிய டீச்சர் கூட இன்னும் சண்டையா? நீங்கதான் மன்னிச்சிட்டீங்களே."

ஆமாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். இந்தப் பிள்ளையிடம் இன்னொரு பொய் சொல்ல வரவில்லை.

"இல்ல செல்லம். நான் மன்னிக்கல. எல்லாரும் பாட்டுப் பாடிட்டே இருந்தீங்க. அதனால சொன்னேன்."

வாலு ஆச்சரியப்படவில்லை. நன்றாகத் தெரிந்த விஷயத்தைக் கேட்பது போலத் தலையை ஆட்டினாள்.

"நானும் அப்படித்தான் சொன்னேன்."

"யார்கிட்டடா சொன்னே?"

"உங்ககிட்டதான்" என்றாள் வாலு. உதட்டுக்கு மேலே ஒட்டியிருந்த பாலைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, வகுப்புக்கு நேரமாகிவிட்டதென்று ஓடிப்போனாள்.